காந்தம் பிடிப்பது துருவைத்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மாணவர் பக்கத்தில், அணு உலைத் தண்ணீரில் உள்ள கதிர்வீச்சைக் காந்தம் உறிஞ்சிவிடும் என்று போட்டிருந்தீர்கள். படித்துவிட்டு என் பேத்தி ஃப்ரிட்ஜில் இருந்த காந்தத்தைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

காந்தம் கதிர்வீச்சை உறிஞ்சாது, துருவைப் பிடிக்கும். தானேயில் ஒரு ஆலையில் பாய்லர் பார்த்தவன் நான். அங்கே கண்டன்சேட் லைனில், அதாவது நீராவி குளிர்ந்து தண்ணீராகித் திரும்பும் குழாயில், இருந்த காந்த ஃபில்டரைத் திறந்தால், கண்மை அப்பிய மாதிரி கருப்புச் சேறு இருக்கும். கையில் பட்டால் சோப்புக்கு லேசில் போகாது. தெருக்குழாயில் வரும் செந்துரு வேறு, அது காந்தத்துக்கு மசியாது. ஆக்சிஜன் நீக்கிய சுடுநீரில் இரும்பு அரித்து உண்டாகும் மேக்னடைட் என்ற கருப்புத் துருதான் இது.

அணு உலைக் குழாய்களிலும் இந்த மாதிரித் துரு உண்டு. கூடவே, வால்வு உரசும் இடங்களில் போடும் கெட்டி உலோகத்தில் கோபால்ட் இருக்கும். அது தேய்ந்து, தண்ணீரோடு உலைக்குள் போய், நியூட்ரானை வாங்கிக் கதிர்வீசும் கோபால்ட்-60 ஆகிவிடும். அரை ஆயுள், அதாவது அதில் பாதி அழிய ஆகும் காலம், 5.27 ஆண்டு. உலையை நிறுத்திய பிறகும் குழாய் வளைவில் துருவோடு படிந்து காமா கதிரை வீசும். பராமரிப்புக்கு ஸ்பானரோடு போகிறவர் உடம்பில்தான் அது விழும்.

அதைப் பிடிக்கத்தான் காந்த ஃபில்டர். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார் மாதிரி ஒன்றைக் குழாயில் அடைத்து, சுற்றிலும் மின்காந்தச் சுருள். நாரின் ஒவ்வொரு இழையும் குட்டிக் காந்தமாகித் துகளை இழுக்கும். மின்சாரத்தை நிறுத்தி அலசினால் சேறு வெளியே வந்துவிடும். தண்ணீரில் கரைந்ததைப் பிடிக்கும் அயனிப் பரிமாற்ற ரெசின் என்ற பிசின் மணிகளும் உண்டு, ஆனால் அவை சூடு தாங்காது, தண்ணீரை ஆறவைத்துத்தான் அனுப்ப வேண்டும். மேக்னடைட்டோ சுமார் 580 டிகிரி வரை காந்தத்துக்குக் கட்டுப்படும். உலைத் தண்ணீர் 300 டிகிரியை ஒட்டித்தான்.

ஆனால் கரைந்துபோன கோபால்ட் இதில் சிக்காது, அதற்கு ரெசின்தான் கதி. அலசி எடுத்த சேறும் கதிர்வீச்சுக் கழிவுதான். அதைத் தடுப்புக்குள் வைத்துக் காக்க வேண்டும்.

வரும் ஞாயிறு 'கதிர்வீச்சை' என்பதைக் 'கதிர்வீச்சுள்ள துருவை' என்று திருத்திப் போடுங்கள். பேத்தி அதை வகுப்புப் பலகையில் ஒட்ட வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாய்லர் ஊழியன்,
செம்பூர், மும்பை