'ஜிகோலோ' பதிவைத் திருத்தக் கோரிப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
மின்அகராதிப் பிரிவு.

ஐயா,

உங்கள் அகராதிச் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டிவரும் மொழிபெயர்ப்பாளர் நான். 'சொற்பிறப்புடன் முழுமையான பொருள்' என்று விளம்பரம் செய்கிறீர்கள். ஆனால் 'ஜிகோலோ' என்று தேடினால் 'ஆண் விபசாரி' என்ற ஒற்றைப் பொருளும் 'இத்தாலிய மூலம்' என்ற குறிப்பும் மட்டுமே கிடைக்கின்றன. பொருள் அரைகுறை, மூலம் தவறு.

அது பிரெஞ்சுச் சொல். நடன அரங்குகளுக்குப் போய்வரும் பெண்ணைக் குறித்த 'ஜிகோலெட்' என்பதிலிருந்து ஆண்பாலாகப் பிறந்தது. பெண்பாற் சொல் முந்தி, ஆண்பால் பிந்தி வருவது அரிது. அதையாவது உங்கள் தொகுப்பாளர்கள் கவனித்திருக்க வேண்டாமா? வேர்ச்சொல்லான 'ஜிக்' காலைக் குறிப்பது. ஆட்டுத்தொடைக்குப் பிரெஞ்சில் வழங்கும் 'ஜிகோ' என்ற பெயரும் அந்த வழியில் வந்ததே. காலசைத்து ஆடுவதுதான் இந்தச் சொல்லின் கரு.

1920களில் ஆங்கிலத்தில் பரவியபோதும் அதற்கு இரண்டு பொருள்கள் இருந்தன. வயதில் மூத்த பெண்ணின் செலவில் வாழும் இளைஞன் என்பது ஒன்று. கூலிக்கு நடனத் துணையாக வருபவன் என்பது மற்றொன்று. நான் மொழிபெயர்த்துவரும் கதை அக்காலத்துப் பெர்லினில் நடக்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் பிழைப்பிழந்த ராணுவ அதிகாரிகள்கூட அங்கே ஹோட்டல்களில், துணையின்றி வந்த பெண்களோடு கூலிக்கு ஆடினார்கள். ஜெர்மானியர் அவர்களை 'ஐன்டென்ட்சர்' என்றார்கள். பின்னாளில் புகழ்பெற்ற திரைப்பட இயக்குநரான பில்லி வைல்டர் 1926இல் பெர்லினில் இந்த வேலையைச் செய்து, அந்த அனுபவத்தை 1927இல் செய்தித்தாளில் எழுதினார். உங்கள் பதிவை நம்பும் வாசகர் இவர்கள் அனைவரையும் உடலை விற்றவர்களாகவே எண்ணுவார். பசிக்காக ஆடிய மனிதர்மீது செய்யாத தொழிலைச் சுமத்துவது எனக்குப் பொறுக்கவில்லை.

இதை முன்பே தெரிவித்தேன். 'பெரும்பாலான பயனர்களுக்கு இந்தப் பொருளே போதும்' என்று பதில் வந்தது. போதும் என்றால் சொற்பிறப்புக்கென்று தனியே பணம் வாங்குவது ஏன்?

பதிவில் பிரெஞ்சு மூலத்தையும் விடுபட்ட இரண்டு பொருள்களையும் சேருங்கள். பாலியல் தொழில் சார்ந்த பொருளை நீக்கச் சொல்லவில்லை; இன்று அதுவும் வழக்கில் இருக்கிறது. அதைக் கடைசியில் வையுங்கள். திருத்த மனமில்லையெனில் எஞ்சிய மாதங்களுக்கான சந்தாவைத் திருப்பித் தாருங்கள். எதுவானாலும் முடிவை எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்