நாலு முனை பிளக் பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"நாலு முனை ஸ்பார்க் பிளக் கேட்டால் வேண்டாம் என்கிறார்கள், ஒற்றை முனையைத் தலையில் கட்டுகிறார்கள்" என்று எங்களைப் பற்றி ஒரு பேச்சு சுற்றுகிறது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பேசாமல் இருந்திருப்போம். தலையில் கட்டுகிறோம் என்றதுதான் உறுத்துகிறது. நாலு முனை பிளக்தான் விலை கூடியது, அதில்தான் எங்களுக்கு லாபமும் அதிகம். ஏமாற்ற நினைப்பவன் எதை விற்பான், நீங்களே சொல்லுங்கள்.

விஷயம் இதுதான். எஞ்சினுக்குள் பெட்ரோல்-காற்றுக் கலவையைப் பொறியால் பற்றவைப்பது ஸ்பார்க் பிளக். பொறி அதன் நடுமுனைக்கும் பக்க முனைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் தாவும். நாலு முனை என்பது பக்க முனைகள் நான்கு உள்ளது. முனை நான்கு இருந்தாலும் ஒரு தடவைக்கு விழுவது ஒரே பொறி. எந்தப் பக்கம் தாவ எளிதோ அந்தப் பக்கம் தாவும். அங்கே தேய்ந்து இடைவெளி கூடினால் அடுத்து வேறு பக்கம். தேய்மானம் நான்காகப் பங்கு போவதால் பிளக் கூடுதல் காலம் உழைக்கும். அதை நாங்கள் மறுக்கவே இல்லை. ஆனால் பவர்? ஒழுங்கான ஒரு பொறியில் கலவை பற்றிக்கொண்டால் முடிந்தது. மீதி மூன்று முனைக்கு அங்கே வேலை இல்லை. சுற்றி நிற்கும் முனைகள் அப்போதுதான் பிறந்த சுடரின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்வதும் உண்டு.

"மாட்டியதும் வண்டி பறந்ததே" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. கழற்றிப் போட்ட பழைய பிளக்கைப் பாருங்கள். முனை மழுங்கி, 0.8 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளி 1 மி.மீ.யைத் தாண்டியிருக்கும். அந்த இடத்தில் புது ஒற்றை முனை போட்டிருந்தாலும் பறந்திருக்கும்.

கம்பெனியிலிருந்தே பல முனையோடு வரும் எஞ்சின்கள் உண்டு, மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் ரோட்டரி எஞ்சின் மாதிரி. அவற்றுக்கு அதையேதான் போடுகிறோம். மற்ற வண்டிகளுக்கு, கையேட்டில் உள்ள ஹீட் ரேஞ்சும் (பிளக் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்ற அளவு) இடைவெளியும் சரியாக இருந்தால் போதும். நீண்ட நாள் உழைப்புதான் வேண்டுமென்றால் இரிடியம் என்ற கடின உலோக முனை கொண்ட பிளக் கேளுங்கள். அதன் நடுமுனை மெல்லியது, குறைந்த வோல்ட்டேஜிலேயே பொறி தாவும்.

முன்பு வாசலில் நாலு முனை பிளக்குக்காக இருந்த "மைலேஜ் கூடும்" பலகையை எடுத்துவிட்டோம். அதைப் பார்த்து வாங்கியவர்கள் அந்தப் பிளக்கிலேயே தாராளமாக ஓட்டலாம், அதை நாங்கள் திரும்ப எடுத்துக்கொள்வது மட்டும் இயலாது.

இந்தப் பேச்சையெல்லாம் கேட்டும் வண்டியை எங்களிடமே விட்டுப்போனவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இனி பிளக் மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கழற்றியதை உங்கள் கண் முன்னால் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளந்து, உங்கள் கையிலேயே கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்