வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும் சத்தம்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். காலபோக நெல்லை விற்ற காசும் கடன்காரரும் ஒன்றாகவே படலைக்கு வந்து சேரும் இந்த நாட்களில், முதலாம் பாடவேளையிலேயே மேசையில் தலைசாய்த்து நித்திரை கொள்ளும் பிள்ளைகளின் தொகை கூடுவதைச் சில வருடங்களாகக் கவனித்து வருகிறேன். விசாரித்தால், "ராத்திரி பக்கத்து வீட்டில சண்டை சேர்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. சண்டை நடந்த வீட்டுப் பிள்ளை வாய் திறப்பதில்லை. ஆகவே இக்கடிதத்தை அடிப்பவருக்கோ அடி வாங்குபவருக்கோ அல்லாமல், அந்தச் சத்தத்தைக் கேட்டபடி பாயில் புரண்டு படுக்கும் எங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் ஒரு வளவுக்குள் யானை புகுந்தால், யானை வெடியும் டோர்ச் லைற்றுமாக நாலு ஒழுங்கைச் சனமும் ஓடி வரும். அதே வளவிலிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டால், முன் விறாந்தை விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறோம். "புருசன் பெண்சாதி விசயம், நாளைக்கு அவை சேர்ந்திடுவினம், நாங்கள்தான் பொல்லாதவராய்ப் போவோம்" என்பது நியாயமான பயம்தான்; அதை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்கும் சத்தத்துக்கு ஒருவரும் போகாமல் விடுவதற்குப் பயம் மட்டும் காரணமல்ல. டார்லி, லட்டானே என்ற உளவியலாளர்கள் 1968 இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு வந்து தவிக்கும் ஒருவரின் குரலை இன்டர்கொம் (அறைகளுக்கிடையே பேசும் கருவி) வழியே கேட்ட மாணவர்களுள், தாம் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 சதவீதமானோர் அக்குரல் அடங்குமுன் உதவி தேடி எழுந்தனர். வேறு 4 பேரும் கேட்பதாக நம்பியவர்களில் 31 சதவீதமானோரே எழுந்தனர். ஒழுங்கையில் வீடுகள் கூடக்கூட, "வேறு யாராவது போவார்கள்" என்ற எண்ணமும் கூடுகிறது.

நானும் அப்படி இருந்தவன்தான். புதிதாக நியமனம் பெற்ற காலத்தில், பஸ் தரிப்பிடத்தில் ஒருவர் தன் மனைவியின் தலைமயிரைப் பிடித்து இழுத்தபோது, கையிலிருந்த பத்திரிகையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். அன்று என்னோடு நின்ற ஏழெட்டுப் பேரும் ஏறக்குறைய அதையே செய்தார்கள்.

நடுவே பாய்ந்து கையைப் பிடிக்கும்படி நான் கேட்கவில்லை. கத்தியோ பொல்லோ கையில் இருக்கும்போதும், கசிப்பு வெறியில் ஒருவர் நிற்கும்போதும் அது ஆபத்து. ஆனால் சண்டையின் வேகத்தை முறிக்கச் சிறிய காரணம் ஒன்றே சிலவேளை போதும். எங்கள் பாடசாலைக்கு அண்மையில் வசிக்கும் ஒரு அம்மா, அயல்வீட்டில் குரல் உயர்ந்தால், படலையைத் தட்டி "பிள்ளை, தேங்காய் ஒண்டு இருக்குமோ?" என்று கேட்பார். அவர் வளவில் பதினைந்து தென்னை நிற்பது அந்த வீட்டுக்காரருக்கும் தெரியும். எனினும் படலையில் ஓர் ஆள் நிற்கும்போது ஓங்கிய கை இறங்குகிறது. அதற்குள் அந்த வீட்டுப் பிள்ளைகள் இருவரும் வெளியே வந்துவிடுவார்கள். தனியாகப் போகத் தயங்குபவர்கள் இன்னொரு வீட்டாரையும் அழைத்துச் செல்லலாம். கணவர் மதிக்கும் ஒரு மாமனோ கோயில் பெரியவரோ இருந்தால் அவர்மூலம் பேசலாம். நிலைமை கைமீறினால் பொலிசாரை 119 இல் அழையுங்கள். பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்ற ஐயம் இருந்தால் 1929, பெண்களுக்கான உதவிக்கு 1938. கைத்தொலைபேசியில் படம்பிடித்து முகநூலில் போடுவது உதவியல்ல; அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் அது இரண்டாவது அடி.

மறுநாள் காலை இன்னும் முக்கியமானது. கணவர் வயலுக்குப் போனபின், அந்தப் பெண்ணைக் கிணற்றடியில் தனியாகச் சந்தித்து, "நீ என்ன சொன்னனி, அவர் அடிக்க?" என்று கேட்காமல், "நான் கேட்டனான், நீ வந்தால் நானும் கூட வாறன்" என்று மட்டும் சொல்லுங்கள். பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவ அரச வைத்தியசாலைகளில் இயங்கும் நட்பு நிலையத்திடமோ போகக் கூட ஓர் ஆள் இருப்பது பெரிய பலம். இலங்கையின் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றம் 12 மாதங்கள் வரை பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிசாரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். போவதா இல்லையா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். அவசரப்படுத்தினால் அடுத்தமுறை எங்களிடமும் சொல்லமாட்டார்.

பாடசாலை விட்டபின் ஆண் பிள்ளைகள் அடிபடும்போது, சுற்றி நின்று போனைத் தூக்கிப் பிடிக்கும் வட்டத்தைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. அந்த வட்டத்தில் பார்வையாளராக நிற்க அவர்கள் எங்கே பழகினார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.30 மணிக்குப் பிரதான மண்டபத்தில் இதுபற்றிக் கலந்துரையாடுவோம். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் வருகிறார். எவர் வீட்டுக் கதையும் அங்கே பெயர் சொல்லிப் பேசப்படாது. வழமையாகத் தாய்மாரே வருகிறீர்கள். இம்முறை தந்தைமாரும் வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
அதிபர்