ஐஸ் கம்பெனி அண்ணனுக்கு ஒரு நன்றி மடல்

கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். தம்பியின் வலது கட்டைவிரல் சிவந்து, கதகதப்பாக இருக்கிறது. நகத்தை அழுத்தினால் வெளுக்கிறது, விட்டதும் இரண்டு விநாடிக்குள் ரத்தம் ஓடி வருகிறது. "இனிமே பயமில்ல" என்று டாக்டர் சொன்ன சூட்டோடு இதை எழுதுகிறோம். நடந்ததைப் பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வின்ச்சும் தெரியும், ரோப்பும் தெரியும், அன்றைய காற்றும் தெரியும். மற்றவர்களுக்கு ஒரு வரி: கடலில் விசைப்படகின் வின்ச்சில், அதாவது ரோப்பை இழுத்துச் சுற்றும் இயந்திரத்தில், கை சிக்கி தம்பியின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் துண்டாகிவிட்டன.

எங்கள் வீட்டில் ஒருத்தி அறுவை அரங்கில் செவிலியர், இன்னொருவர் கை அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ. அதனால் இந்த விரல் எந்த இடத்தில் பிழைத்தது என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியும். அது அறுவை சிகிச்சை நடந்த மதுரையில் பிழைக்கவில்லை. மீன் இறக்கும் கரையில், ஐஸ் உடைக்கும் மேடைக்குப் பக்கத்தில் பிழைத்தது. அண்ணே, பேர் போடக் கூடாது என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள், போடவில்லை. ஆனால் நீங்கள் செய்ததை எழுதாமல் விட மாட்டோம்.

படகு கரை தொட்டதும் "ஐஸ்ல போடு, ஐஸ்ல போடு" என்று எல்லோரும் கத்தினார்கள். நல்ல மனசோடுதான் கத்தினார்கள். உடைத்த ஐஸ் கூடை கூடையாக அங்கேயே இருந்தது. நீங்கள் மட்டும் குறுக்கே கையை நீட்டி, "கணவாயையே கவர்ல போட்டுத்தானடா ஐஸ்ல வைக்கிறோம், விரல எப்படிடா அப்படியே போடுவ?" என்று கேட்டீர்களாம். மருத்துவப் புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்வது அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிட்டது.

ஐஸ் நேராகப் பட்டால் சதைக்குள் இருக்கும் நீர் உறைந்து, உயிரணுக்கள் உடைந்துபோகும். ரத்தக் குழாயின் உள்பக்கச் சவ்வும் சேதமாகும். அப்படிப்பட்ட குழாயை எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் உள்ளே ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளும். விரல் பார்க்க நன்றாகவே இருக்கும், ஒட்ட வைத்தால் நிற்காது. தண்ணீரில் மிதக்க விட்டாலும் கெடுதல்தான். தோலும் சதையும் ஊறி உப்பிப்போகும், குழாயின் வாய் எது, நரம்பின் நுனி எது என்று மைக்ராஸ்கோப்பில்கூடப் பிரித்துக் காண்பது கடினமாகிவிடும். குளிர்ச்சி வேண்டும், ஐஸும் தண்ணீரும் தொடக் கூடாது. அவ்வளவுதான் சூத்திரம்.

நீங்கள் செய்த முறையை இங்கே அப்படியே எழுதுகிறோம், மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும். முதலுதவிப் பெட்டியிலிருந்த சலைன் பாட்டிலைத் திறந்து, விரலில் ஒட்டியிருந்த கிரீஸும் செதிலும் போக மேலாக ஊற்றினீர்கள், தேய்க்கவில்லை. சுத்தமான காஸ் துணியைச் சலைனில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து சுற்றினீர்கள். அதைத் தண்ணீர் புகாத கவரில் போட்டு வாயைக் கட்டி, இன்னொரு கவருக்குள் வைத்தீர்கள். தெர்மோகோல் பெட்டியில் ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, கவரை அதில் இறக்கினீர்கள். வெறும் ஐஸ் கட்டிக்கு நடுவே செருகாமல் தண்ணீர் கலந்ததுதான் இதில் நுட்பம். கலந்த தண்ணீர் உறைநிலைக்குக் கீழே போகாது, கவரைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே குளிர்ச்சி நிற்கும். பெட்டி மேல் மார்க்கரால் விரல் போன நேரத்தையும் எழுதிவிட்டீர்கள். மீன் பெட்டிக்கு எழுதும் பழக்கமாக இருக்கலாம். ஆனால் டாக்டர்கள் முதலில் கேட்டது அந்த நேரத்தைத்தான்.

ஏன் கேட்டார்கள் என்றால், விரலில் சதைப்பற்றான தசை கிடையாது. குளிரில் வைக்காவிட்டால் சுமார் 12 மணி நேரம், ஒழுங்காகக் குளிரில் வைத்தால் 24 மணி நேரம் வரை தாங்கும். மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் கணக்கே வேறு. தசை சீக்கிரம் சாகும், குளிரில்லாமல் 6 மணி நேரம், குளிரில் 12 மணி நேரம் என்பதுதான் பொதுவான எல்லை. கடலில் திரும்பி வரும் நேரம், பாலம் தாண்டி ராமநாதபுரம், பரமக்குடி வழியாக மதுரை போகும் மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டம், அங்கே அரங்கு தயாராகும் நேரம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். நம் கரைக்கு இந்தப் பெட்டிதான் நேரத்தை நீட்டித் தருகிறது.

இன்னொன்று செய்தீர்கள், அண்ணே. அதை நினைத்தால்தான் எங்களுக்குத் தொண்டை அடைக்கிறது. ஆள்காட்டி விரல் நசுங்கி உருத்தெரியாமல் கிடந்தது. "இது எதுக்கு, கடல்ல போட்ருவோம்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் அதையும் தனிக் கவரில் அதே மாதிரி சுற்றி வைத்தீர்கள். அந்த விரலை ஒட்ட முடியவில்லை, எலும்பும் மூட்டும் நொறுங்கிவிட்டன. ஆனால் வின்ச் காயம் கத்தி வெட்டு மாதிரி கிடையாது. ரோப்பு இழுக்கும்போது ரத்தக் குழாயும் நரம்பும் நீண்டு, அறுந்த இடத்துக்கு வெகுதூரம் உள்ளேயும் சேதமாகியிருக்கும். கெட்ட பகுதியை வெட்டிக் கழித்தால் இரண்டு முனையும் எட்டாது, நடுவில் வேறு துண்டு வைத்துத்தான் இணைக்க வேண்டும். வழக்கமாக அந்தத் துண்டை முன்கையிலிருந்தோ காலிலிருந்தோ எடுப்பார்கள். தம்பிக்கு ஒரு ரத்தக் குழாய்த் துண்டும், நரம்புத் துண்டும், மேலே மூடக் கொஞ்சம் தோலும் அந்த நசுங்கிய விரலிலிருந்தே கிடைத்தன. உடம்பில் இன்னொரு காயம் மிச்சம், அரங்கில் நேரமும் மிச்சம். கடலுக்குப் போயிருக்க வேண்டிய விரல் கட்டைவிரலுக்குள் இருக்கிறது.

கட்டைவிரல் போனால் பாதிக் கை போன மாதிரி. மற்ற நான்கும் இருந்தும் வலையின் மடியை இறுக்கிப் பிடிக்க முடியாது, சட்டைப் பித்தான் போட முடியாது. அதனால்தான் காயம் மோசமாக இருந்தாலும் கட்டைவிரலை ஒட்ட டாக்டர்கள் முயன்று பார்க்கிறார்கள். அதுவும் நிற்காவிட்டால் கால் விரலை எடுத்துக் கட்டைவிரலாக வைக்கும் வழியும் உண்டு. இது புதுசா என்று கேட்பவர்களுக்கு: முழுதாகத் துண்டான கட்டைவிரலை ஜப்பானின் நாராவில் கோமாட்சு, தமாய் என்ற இரண்டு டாக்டர்கள் ஒட்டியது 1965-ல். நம் பக்கம் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவை வளர்த்தெடுத்தார்.

விடிய விடியக் குனிந்து நின்ற டாக்டர்களுக்கு இரண்டு வரி மட்டும் எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறோம். முதலில் எலும்பைக் கொஞ்சம் குறைத்துக் கம்பி போட்டு நிறுத்தினார்கள். குறைக்காவிட்டால் குழாய்கள் இழுபட்டுத் தையல் விட்டுவிடும். பிறகு நீட்டும் தசைநாண், மடக்கும் தசைநாண், அதற்கப்புறம் தலைமுடியைவிட மெல்லிய நூலில் ரத்தக் குழாய், நரம்பு, கடைசியாகத் தோல். ரத்தக் குழாயை இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்பை எடுத்ததும் வெள்ளையாகக் கிடந்த விரல் சிவந்தபோது அரங்கில் யாரும் பேசவில்லையாம்.

வின்ச்சை உடனே நிறுத்திய டிரைவர், கையைத் துணியால் அழுத்தி உயரத் தூக்கிப் பிடித்தபடி கரை வரை வந்த தொழிலாளிகள், 108 வண்டித் தம்பிகள், ரத்தம் கொடுத்த உச்சிப்புளிப் பிள்ளைகள், கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள், கீழக்கரையிலிருந்து பணம் அனுப்பியவர்கள், அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரர்கள், மணிக்கு மணி விரலின் நிறம் பார்த்த வார்டு செவிலியர்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. கயிறு போட்டு இறுக்கிக் கட்டாமல் அழுத்திப் பிடித்தீர்களே, அதுவே பெரிய உதவி. இறுக்கக் கட்டினால் கையின் மிச்சப் பகுதியும் செத்துவிடும். காப்பித் தூளும் மஞ்சளும் வைக்காததற்குத் தனி நன்றி. வண்டியில் வரும்போது டீ வாங்கிக் கொடுக்காததற்கும்தான், மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். "கடல்ல அடிபட்டது, மீன் தண்ணி பட்டிருக்கு" என்று டாக்டரிடம் மறக்காமல் சொன்ன தம்பிக்கும் நன்றி. கடல் தண்ணீரில் வரும் கிருமிகளுக்கு மருந்து வேறு.

பார்க்க வருகிற சொந்தங்களுக்கு ஒரு விண்ணப்பம். வார்டில் ஏசி போடாமல் புழுங்குகிறது என்று குறைப்படாதீர்கள், குளிர்ந்தால் புதுசாகத் தைத்த குழாய் சுருங்கும். பீடி, சிகரெட் பிடித்துவிட்டு உள்ளே வர வேண்டாம், தம்பிக்கும் ஒரு இழுப்புகூடக் கொடுக்க வேண்டாம். நிகோட்டின் குழாயைச் சுருக்கிவிடும், ஒரே நாளில் விரல் கறுத்துப்போகும். காப்பி, டீயும் இப்போதைக்கு டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார். விரல் வெளுத்தால் ரத்தம் வரும் வழி அடைத்திருக்கிறது, நீலம் பாரித்து வீங்கினால் திரும்பும் வழி அடைத்திருக்கிறது. எது தெரிந்தாலும் நர்ஸம்மாவை உடனே கூப்பிடுங்கள். திரும்பும் வழி அடைத்த சிலருக்கு அட்டைப் பூச்சியை விட்டு ரத்தம் உறிஞ்ச வைப்பதும் உண்டு. பார்த்தால் பயப்படாதீர்கள், அது சிகிச்சைதான்.

இனி வேலை மெதுவாகத்தான் நடக்கும். கம்பியை எடுக்க நான்கிலிருந்து ஆறு வாரம். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும், அதனால் நுனி வரை உணர்வு வர மாதக்கணக்காகும். அதுவரை சுடுகிற தோசைக்கல்லும் அடுப்பும் அந்த விரலுக்குத் தெரியாது, வீட்டில் நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிர் பட்டால் கூசி வலிக்கும், இது வருடக்கணக்கில் நீடிக்கலாம். ஆகவே ஐஸ் அள்ளும் வேலைக்கு அவனைக் கூப்பிடாதீர்கள். வின்ச்சுக்குப் போவது பற்றி அவன் பேச்சையே எடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒரு வாக்கு கொடுக்கிறோம். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14-ல் அது முடிந்து படகுகள் கிளம்புவதற்குள், எங்கள் கரையின் விசைப்படகு ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பை தருகிறோம். 500 மில்லி சலைன் பாட்டில் ஒன்று, காஸ் பாக்கெட் நான்கு, ஜிப் வைத்த கெட்டிக் கவர் ஆறு, அழுத்திக் கட்ட எலாஸ்டிக் பேண்டேஜ் இரண்டு, அழியாத மார்க்கர் ஒன்று. கூடவே தமிழில் அச்சடித்த ஒரு அட்டை: விரல் பாதி தொங்கினால் வெட்டாதே, கிடைத்த துண்டு எல்லாவற்றையும் எடு, வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்று. ஐஸ் தனியாகத் தேவையில்லை, அது எப்படியும் படகில் இருக்கும். காப்பீட்டு அட்டையையும் ரேஷன் கார்டையும் தேடி வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது என்றும் அதில் எழுதுவோம். ஒருவர் பின்னால் எடுத்துக்கொண்டு வரட்டும்.

அண்ணே, உங்கள் தெர்மோகோல் பெட்டி மதுரையில் எங்கேயோ தொலைந்துவிட்டது. புதுப் பெட்டி ஒன்று திங்கட்கிழமை கம்பெனிக்கு வரும், முதல் பையும் அதற்குள்ளேயே இருக்கும். "எதுக்கும்மா இதெல்லாம்" என்று திருப்பி அனுப்பாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.