லியரின் பொத்தான்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' நாடகத்தை எடுத்துச் செய்யப்போகிறாய் என்பதில் சந்தோஷம். ஆனால் புயல் அடித்ததும் லியருக்குப் பைத்தியம் பிடித்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

முதல் அங்கத்தின் கடைசிக் காட்சியில், கோமாளி விளையாட்டாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே, லியர் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடக் கூடாதே என்று வேண்டுகிறான். அதைக் கத்திச் சொன்னால் காரியம் கெட்டது. 2ஆம் அங்கத்தில், நாட்டை அவனிடமிருந்து வாங்கிக்கொண்ட மூத்த மகள்கள் இருவரும் அவனுடைய 100 வீரர்களை 50, 25, 10, 5 என்று சந்தைப் பேரம்போலக் குறைத்து, ஒருவன்கூட எதற்கு என்று முடிக்கிறார்கள். பைத்தியம் பிடிக்கப்போகிறது என்று சொல்லிவிட்டுத்தான் வெளியேறுகிறான். புயலில் நின்றும், புத்தி பிறழத் தொடங்குகிறது என்கிறான். நழுவுவது தனக்கே தெரிகிறவரை அவன் இந்தக் கரையில்தான் இருக்கிறான்.

கோடு தாண்டுவது 3ஆம் அங்கம் 4ஆம் காட்சியில். குடிசையிலிருந்து பிச்சைக்காரப் பைத்தியம் 'டாம்' வேஷத்தில், ஓடி ஒளியும் பிரபு மகன் எட்கர் வருகிறான். பார்த்ததும் லியர் கேட்பது: எல்லாவற்றையும் மகள்களுக்குக் கொடுத்துவிட்டாயா? இவனுக்கு மகள்களே இல்லை என்று கென்ட் (லியர் நாடு கடத்தியும் மாறுவேஷத்தில் கூடவே வரும் பிரபு) சொன்னால் கோபம் வருகிறது. வாதம் ஒழுங்காகத்தான் போகிறது, அஸ்திவாரம்தான் தப்பு. அந்தக் கேள்வியை நடிகர் மிகச் சாதாரணமாக, அக்கறையோடு கேட்கட்டும்.

எட்கரின் வேஷம் இதற்கு நேர் எதிர். ஓட்டம், நடுக்கம், பேய்களின் பெயர்கள் (அவற்றை ஷேக்ஸ்பியர் எடுத்தது போலிப் பேயோட்டிகளைத் தோலுரித்த 1603ஆம் ஆண்டு நூல் ஒன்றிலிருந்து). போலிதான் சத்தம் போடும். இரண்டு பேரும் சேர்ந்து உருட்டி மிரட்டினால் மேடையில் இரண்டு டாம்கள் நிற்பார்கள், லியர் காணாமல் போய்விடுவான்.

இடிச் சத்தத்தை வசனத்தின் மேல் போடாதே, வாக்கியம் முடிகிற இடத்தில் போடு. இல்லாவிட்டால் நடிகர் இடியோடு போட்டி போட்டுத் தொண்டையைக் கெடுத்துக்கொள்வார், குடிசைக் காட்சிக்குக் குரல் மிஞ்சாது.

மகள்களை விசாரிக்கும் பொய் நீதிமன்றக் காட்சி 1608 பதிப்பில் உண்டு, 1623 பதிப்பில் இல்லை. வெட்டிவிடலாமா என்று கேட்டிருந்தாய். வெட்டாதே. பிச்சைக்காரன், கோமாளி, நாடு கடத்தப்பட்ட பிரபு, இந்த மூவர்தான் நீதிபதிகள். குற்றவாளி ஒரு முக்காலி! முக்காலியை முன்னமே மேடையில் வைத்துவிடு, யாராவது அதில் உட்கார்ந்து எழுந்திருக்கட்டும். அப்போதுதான் அதை லியர் மகளாகப் பார்ப்பது உறைக்கும்.

லியருக்குப் புத்தி தெளியும் காட்சிக்கும் 1608 பதிப்பையே எடுத்துக்கொள். அதில் வைத்தியர் இருக்கிறார், இசை இருக்கிறது. தூக்கம்தான் மருந்து. விழித்தவன் தன் கையை ஊசியால் குத்திப் பார்க்கிறான், 80 வயதுக்கு மேல் என்று கணக்குச் சொல்கிறான். நடந்ததை இப்போது நினைவூட்டுவது ஆபத்து என்று கடைசி மகள் கார்டீலியாவிடம் வைத்தியர் எச்சரிக்கிறார். ஆகவே அவளும் அழுது புரளக் கூடாது.

கடைசியாக உடை. குடிசை வாசலில் துணியைக் கழற்றி எறியும்போது, பொத்தானை அவிழ்க்கச் சொல்லி அதட்டுகிறான். முடிவில், செத்த கார்டீலியாவின் பக்கத்தில், இந்தப் பொத்தானைக் கொஞ்சம் கழற்றிவிடுங்கள் என்று கேட்டு, நன்றியும் சொல்கிறான். தையல்காரர் வசதிக்காக வெல்க்ரோ வைத்துவிடுவார், கவனம். நிஜப் பொத்தான், கழுத்தடியில், சற்று இறுக்கமான துளையோடு வேண்டும். யார் அதைக் கழற்றுவது என்பதை நீ முடிவு செய்துவிட்டாயா? என்னைக் கேட்டால் கென்ட்.

அன்புடன்,
மணி