இன்னும் ஓர் ஆர்டருக்காகக் காத்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நேற்று இரவு பதினொன்றரைக்குச் சிங்கப்பூர் யீஷூன் வட்டாரத்துக் காப்பிக்கடையில் உன் சோறு ஆறிக்கொண்டிருந்தது. நீ அடுத்த டெலிவரி ஆர்டருக்காகக் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாய். "இன்னும் ஒன்று வந்தால் வீட்டுக்குப் போய்விடுவேன் அக்கா" என்றாய். மூன்று வந்தன. நீ போகவில்லை. பிறகு, "எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லை" என்று உன்னையே நொந்துகொண்டாய். அது உண்மையில்லை.

ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்த உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் சோதனைப் பெட்டியில், எலி நெம்புகோலை அழுத்தினால் ஓர் உணவு உருண்டை விழும். அந்த உருண்டைகளை அவரேதான் தயாரிக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை பிற்பகல் கணக்குப் பார்த்தபோது, கையிருப்பு திங்கள் காலையோடு தீர்ந்துவிடும் என்று தெரிந்தது. ஒவ்வோர் அழுத்தலுக்கும் தருவதை விட்டுவிட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் தந்து பார்த்தார். எலி சோர்ந்துவிடவில்லை, சீராக அழுத்திக்கொண்டே இருந்தது. பரிசு குறைந்தால் முயற்சியும் குறையும் என்றுதானே நாம் நினைப்போம்?

பின்னர் அவரும் சக ஆய்வாளர் ஃபெர்ஸ்டரும் புறாக்களை வைத்துப் பல்லாயிரம் மணிநேரம் சோதித்து, 1957இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இத்தனை கொத்தலுக்கு ஒரு தீனி என்று எண்ணிக்கை நிலையாக இருந்தால், தீனி கிடைத்ததும் புறா சற்று ஓய்ந்து நிற்கும். பதினைந்து டெலிவரி முடித்து ஊக்கத்தொகை வாங்கியதும் நீ தேநீர் குடிக்க உட்காருகிறாயே, அதுபோல. அதைச் சோம்பல் என்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

தீனி எத்தனையாவது கொத்தலில் வரும் என்று தெரியாமல் செய்துவிட்டால் அந்த ஓய்வு ஏறக்குறைய மறைந்துவிடும். தீனியை அடியோடு நிறுத்திய பிறகும் புறா நெடுநேரம் கொத்தும். சூதாட்ட இயந்திரத்தின் முன்னால் அமர்ந்தவர் எழ முடியாமல் தவிப்பதும் இதனால்தான். உன் திரையில் எதிர்பாராமல் மின்னும் அந்த ஐந்து வெள்ளி கூடுதல் தொகையும் இதே வேலையைத்தான் செய்கிறது. எந்த ஆர்டரோடு வரும் என்று தெரிந்திருந்தால் நீ பத்து மணிக்கே தூங்கியிருப்பாய்.

ஆகவே உன்னைத் திட்டிக்கொள்ளாதே. "இன்னும் ஒன்று" என்ற கணக்கை மட்டும் விட்டுவிடு. அதற்கு முடிவே கிடையாது. கடிகாரத்தைப் பார்த்து நிறுத்து. நாளை இரவு பத்து மணிக்கு உன் புளோக்கின் கீழே நிற்பேன். அம்மா வைத்த மீன்குழம்பும் கொண்டுவருகிறேன். சூடாக இருக்கும்போதே வந்துவிடு.

அன்புடன்,
அக்கா