பழுதாகி நிற்கும் கிரேனை யார் கவனிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல் நடுவே எண்ணெய் மேடைகளில் 14 வருடம் ரிக்கராக இருந்தேன். சுமைக்கு ஸ்லிங் (தூக்குகிற கயிறு) கட்டி, கிரேன் கொக்கியில் மாட்டிவிடுகிற வேலை. நம் பக்கத்துப் பையன்கள் பலர் இந்த வேலைக்குக் கிளம்புவதால் எழுதுகிறேன்.

2005 ஜூலை 27 அன்று மும்பைக்கு அப்பால் கடலில் உள்ள 'மும்பை ஹை' எண்ணெய் வயலின் மேடையில் நடந்ததைத் தீ விபத்து என்றுதான் பேசுகிறோம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கிரேன் கதை இருக்கிறது. 'சமுத்ர சுரக்ஷா' கப்பலின் சமையல்காரருக்கு விரல் நுனியில் வெட்டு. மழைக்காலம், ஹெலிகாப்டர் பறக்க முடியவில்லை. கிரேன் கூடையில் மேடைக்கு ஏற்றலாம் என்று முடிவானது. காற்றுக்கு மறைவான பக்கத்துக் கிரேன் ஓடவில்லை. ஆகவே காற்றும் அலையும் மேடையை நோக்கித் தள்ளுகிற பக்கத்தில் கப்பலை அணைத்தார்கள். அவரை ஏற்றியும் விட்டார்கள். அப்புறம்தான் கப்பலின் ஹெலிகாப்டர் தளம் எரிவாயுக் குழாயில் மோதியது. கசிந்த எரிவாயு தீப்பிடித்தது. 22 உயிர்கள் போயின. கப்பலை நகர்த்துகிற உந்து விசிறிகளிலும் கோளாறு இருந்தது. குழாய்க்குத் தகுந்த காப்பும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு கிரேன் ஓடியிருந்தால் கப்பலுக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை.

நான் இருந்த ஒரு மேடையிலும் உதிரிபாகம் வராமல் ஒரு கிரேன் வாரக்கணக்கில் நின்றது. "இன்னொன்று ஓடுதே" என்றார்கள். ஓடியதுதான், ஆனால் எந்தக் காற்றானாலும் கப்பல் அந்தப் பக்கமே வர வேண்டும். அலை கப்பலைத் தூக்கும்போது ஸ்லிங் தொய்யும். இறக்கும்போது வெடுக்கென்று இழுக்கும். தூக்கிய கன்டெய்னர் அப்படி ஒருமுறை ஆடி வந்தபோது, டெக்கில் இருந்தவர் கப்பல் சுவருக்கும் அதற்கும் நடுவே மாட்டிக்கொண்டார். கால் எலும்பு முறிந்தது. இன்றும் தாங்கித்தான் நடக்கிறார்.

2008 விதிகளின்படி கடல் மேடைகளின் பாதுகாப்பைக் கண்காணிப்பது எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம். கிரேன் நின்றால், தீயணைப்பு பம்ப் நின்றதைப் போல அதை இயக்ககம் எடுத்துக்கொள்ள வேண்டும். சரிசெய்ய நாள் குறிக்க வேண்டும். அதுவரை கடல் கொந்தளிக்கையில் காற்றடிக்கும் பக்கம் கப்பல் அணையவே கூடாது.

கிளம்புகிற தம்பிகளுக்கு: கொக்கி மாட்டியதும் விலகி நில்லுங்கள், போக வழி இருக்கிற பக்கமாக. சுமை ஆடாமல் பிடிக்கிற டேக் லைன் கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். நிறுத்து என்று யார் கை காட்டினாலும், நேற்றுச் சேர்ந்தவரே காட்டினாலும், கிரேன் ஆபரேட்டர் நிறுத்தியாக வேண்டும். தயங்காமல் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரிக்கர்,
தூத்துக்குடி.